கல்வெட்டு

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
முதல் கப்பலில் டொபாகோ போவேன்.
நான்கு மணி நேரக் கடல்.
குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய்,
மடியில் குறைகேள் அலுவலக முத்திரை போட்ட பை.
ராக்ஸ்பரோ நூலகத்தின் பின்னறையில்
சிறுவர் நாற்காலிகளை ஓரங்கட்டி
எனக்கு மேசை போட்டிருப்பார்கள்.

குழாயில் பதினோரு நாளாய் வெறும் காற்று என்பார் ஒருவர்.
காற்றுக்கும் ரசீது வந்திருக்கும்.
பக்கத்து வீட்டுச் சேவல் பற்றி ஒரு மனு,
நான்கு பக்கம், அடிக்கோடுகளுடன்.
கணவரைப் பற்றி முறையிட வந்த பெண்ணிடம்
அவர் அரசுத் துறையா என்று கேட்டாக வேண்டும், விதி அப்படி.
“இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும்
அடுத்த வாரம் என்கிறார்.”

ஒஸ்மண்ட் குவாஷி வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.
தொப்பியைக் கழற்றிக் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.
முழங்கால்கள் காதருகே எழுந்து நின்றன.
பதினோரு வருடம் சாலைப் பணியில் தினக்கூலி.
பணிக்கொடை கேட்டதற்குத் துறை எழுதிய பதில்
நாலாய் மடித்துச் சட்டைப்பையில்:
பதிவேடுகளைக் கரையான் அரித்துவிட்டபடியால்
மனுதாரர் வேலை பார்த்ததற்குச் சான்றில்லை.

ஒரு மனிதனின் பதினோரு வருடத்தைத்
தள்ளுபடி செய்யக்
கரையானுக்கு அதிகாரம் இருக்கிறது.
எனக்கு, விளக்கம் கேட்கலாம்,
கோப்பைத் திறக்கச் சொல்லலாம்,
கடைசியில் பரிந்துரைக்கலாம்.
அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம்
எதிரே இருப்பவர் என் கைகளைப் பார்ப்பார்,
வேறு ஏதாவது வைத்திருக்கிறேனா என்று.

“மிஸ், வண்டி இருக்கா?”

ஸ்பேசைடு தாண்டி மூங்கில் கவிந்த வளைவில்
நிறுத்தச் சொன்னார். சாலைக்கு அடியில் ஓடை,
அதன்மேல் ஒரு சிறுபாலம்.
எழுபத்தொரு வயதில் பக்கவாட்டுச் சரிவில் இறங்கி
பாசியை உள்ளங்கையால் துடைத்தார்.
ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து,
ஒரு தேதி,
ஒரு பூட்ஸ் தடம்.
“இதுக்காக அரைநாள் கூலியைப் பிடிச்சான் மேஸ்திரி.”

நான் புகைப்படம் எடுத்தேன். அளந்தேன்.
பாதி வழி திரும்பியபின்தான் உறைத்தது.
பிடித்த கூலியை எங்கே எழுதினார்கள்?

ஐந்து கடிதம், இரண்டு நினைவூட்டல்,
ஒரு நேரில் ஆய்வு.
ஸ்கார்பரோ கிடங்கில், பழுதான தட்டச்சுப் பொறிகளுக்குப் பின்னால்,
இரும்பு அலமாரியில் இருந்தது தண்டனைப் புத்தகம்,
ஒரு பக்கம்கூடக் குறையாமல்.
சம்பளத்தை மரத்தில் வைத்திருந்தார்கள்,
குற்றத்தை இரும்பில்.

குவாஷி, தாமதம், இருபது நிமிடம்.
குவாஷி, மேலாளரை எதிர்த்துப் பேசியது.
குவாஷி, வேலை நேரத்தில் மாம்பழம்.
குவாஷி, அரசுச் சொத்தில் கிறுக்கியது.
பத்தொன்பது பதிவுகள்,
பதினோரு வருடத்திலும் ஒன்றாவது.
துறை ஒப்புக்கொண்டது. வருத்தம் தெரிவிக்கவில்லை,
வருத்தத்துக்குப் படிவம் இல்லை.

காசோலை வந்த செய்தியைச் சொல்ல அவரே நூலகம் வந்தார்.
“மாம்பழத்துக்கும் சேர்த்தா?” என்று கேட்டு
தொப்பி கீழே விழும்வரை சிரித்தார்.
போகிறபோக்கில் ஒரு புதுப் புகார்:
அந்தச் சிறுபாலத்தில் சருகு அடைத்திருக்கிறது,
மழைக்கு முன் யாராவது அள்ள வேண்டும்.
பதிந்துகொண்டேன். எண் கொடுத்தேன்.

இதோடு முடித்திருப்பேன்.
அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்
எலியட் கோர்ட்னர்.
அதே சாலை, அதே மேஸ்திரி, அதே பதினோரு வருடம்.
தண்டனைப் புத்தகத்தை
முதல் பக்கத்திலிருந்து இரண்டு முறை பார்த்துவிட்டேன்.
ஒரு நாளும் தாமதமாய் வராதவர்.
ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர்.
ஈரச் சிமெண்டைப் பார்த்தும்
கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்.

கப்பலில் திரும்பும்போது
அவர் கோப்பு மட்டும் மடியில் இருக்கிறது.
மிக மெல்லியது.
காற்று தூக்கிவிடாமல் இருக்க
மேலே கையை வைத்திருக்கிறேன்.