காலை ஆறு மணி, மூன்றுமாவடி

சுவரில் ஓட்டை போடக்கூடாது என்பது
வீட்டுக்காரர் முத்திருளாண்டியின் முதல் நிபந்தனை.
கறி சமைக்கக்கூடாது என்பது இரண்டாவது.
அதில் மெல்ல இறங்கி வந்தார்,
ஓட்டையில் இல்லை.
ஃபைபர் கேபிள் எதிர்வீட்டுக் கம்பம் வரை வந்து
சுருண்டு கிடக்கிறது.
எனக்கு வாய்த்தது காற்று.

பெட்டி பொருத்த வந்த பையன்
போர் போட இடம் பார்க்கிறவர்
உள்ளங்கையில் தேங்காய் ஏந்தி நடப்பதுபோல்
அதை ஏந்தி அறை அறையாக நடந்தான்.
படுக்கையறையில் ஒரு கோடு,
கூடத்தில் இரண்டு.
அடுப்படி ஜன்னலில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்
நாலு கோடும் எழுந்து நின்றன.
“இங்கதான்க்கா ஊத்து.”

முள் ஓடிப்போய்த் தொண்ணூற்றிரண்டில் நின்றது.
படம் பார்க்கலாம் என்றான்,
துபாய்க்கு வீடியோவில் பேசலாம் என்றான்.
கேம்? என்றேன்.
என் கழுத்தில் கிடந்த
கண்ணாடிக்கடை அடையாள அட்டையைப் பார்த்தான்.
“தம்பி விளையாடுவாப்லயா?”
நான்தான்.

அவன் சொல்லாமல் போனதைத்
தோற்றுத் தோற்றுக் கற்றேன்.
தொண்ணூற்றிரண்டு என்பது
மாட்டுத்தாவணியில் நிற்கும் பெரிய பஸ்.
அறுபது பேரை ஏற்றும், நிறைந்தால் கிளம்பும்.
எனக்கு வேண்டியதோ ஒரே ஒரு ஆள்.
‘சுடு’ என்ற ஒரு சொல்லைக் கொண்டுபோய்
‘பட்டது’ என்ற ஒரு சொல்லோடு
நான் இமைக்குமுன் திரும்புகிற ஆள்.
விடியலில் அந்த ஆள் நல்ல பிள்ளை, பிங் முப்பத்தெட்டு.
முருங்கைக்கிளை ஆடினால் ஐம்பது.
ராத்திரி எட்டரைக்கு
தெருவே வீடு திரும்பி ஆளுக்கொரு திரையை விரித்தபின்
நூற்று நாற்பது.
கிரிக்கெட் நாளில் கேட்காதீர்கள்.

அதனால்தான் அரையிறுதிக்கு
காலை ஆறு மணியைக் கேட்டு வாங்கினோம்.
மேலூரிலிருந்து காயாம்பு,
தக்கலையிலிருந்து செல்வின்,
இளையான்குடியிலிருந்து ரமீஸா, இங்கே நான்.
பேச்சுக்கு மட்டும் வேறு கம்பெனி சிம்மில்
சாதாரண போன்.

அன்றைக்கு எதிர்சேவை.
தெரியாமலில்லை. காயாம்புக்கும் தெரியும்.
அழகருக்கும் டவருக்கும் முடிச்சுப்போட
எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே டவர், லட்சம் கை.
சர்க்கரைச் செம்பு ஏந்திய கை போக
மிச்சக் கையிலெல்லாம் நேரலை.
முப்பத்தெட்டு நூறாகி
நானூறாகி
தொள்ளாயிரத்துப் பதினொன்று.

நான் ஓடிக்கொண்டிருந்தேன்.
சிவப்புக்கூரை வீட்டின் படியேறி
கதவைத் திறந்து
அங்கே நின்றவன் நெற்றிக்குக் குறிகூட வைத்தேன்.
செல்வின் சொன்னான்:
“அக்கா, நீங்க செத்துட்டீங்க.”
இல்லடா, மாடியில நிக்கேன்.
“செத்தாச்சுக்கா. வாசல்லயே.”

பிறகுதான் திரை சிவந்தது.

அந்தப் படிகள், அந்தக் கதவு,
அந்த நெற்றி —
நான் இல்லாமல்போன பிறகு நான் செய்தவை.
யார் கணக்கிலும் ஏறாது.
என் விரலுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தோற்றோம். ரமீஸா ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.
மொட்டை மாடிக்குப் போனேன்.
குதிரையில் வருவார் என்று நினைத்திருந்தேன், நான் சாத்தூர்க்காரி;
பல்லக்கில் வந்தார்.
தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர்
என் மூக்குக்கண்ணாடிவரை வந்தது.
கோவிந்தா கோவிந்தா என்று ரோடு முழுக்க ஒரு சத்தம்.
கடந்து போயே விட்டார்.
இறங்கி வந்தால்
பக்கத்து வீட்டில் யாரோ போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
அதே கோவிந்தா, முக்கால் நிமிஷம் தள்ளி.
அதில் அவர் இன்னும்
எங்கள் தெருமுனைக்கே வரவில்லை.

கூட்டம் புதூர்ப்பக்கம் நகர்ந்ததும்
பிங் நாற்பத்தொன்று.
ஆன்லைனில் ஒருவரும் இல்லை.

வாடகை கொடுக்கும்போது மறுபடி கேட்டேன்,
சுண்டுவிரல் அளவுதான் சார்.
முத்திருளாண்டி நோட்டுகளை இரண்டுதரம் எண்ணினார்.
“எதுக்கும்மா? அதான் காத்துலயே வருதே.”