இரவுக் காவல், போஸ்னான்

ரொட்டியைக் காப்பது என் வேலை.
சிரிக்காதீர்கள். மணிக்கு முப்பத்தொரு சுவோத்தி,
கையுறை நகராட்சி கொடுத்தது.

சதுக்கத்தின் நடுவில் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு வளைவு.
அறுநூற்றுப் பன்னிரண்டு ரொட்டிகள்.
ஒரே ஒரு கடை, ஒரே ஒரு சனிக்கிழமை
பின்வாசலில் தள்ளியவை.
பலகையில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.
சிற்பி ஓதீலியா அதற்குமேல்
ஒரு சொல் சேர்க்க விடவில்லை.

மழையில் கரையாதிருக்க மூன்று பூச்சு வார்னிஷ்.
எலி முகர்ந்துவிட்டுப் போகிறது.
புறாக்கள் முதல் நாளே கைவிட்டன.
இன்றிரவு ஒருவன் இருட்டில் ஒன்றைப் பிடுங்கிக் கடித்தான்,
பல்லைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.
என் சாண்ட்விச்சைக் கொடுத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்: சேதம், ஒன்று.
எதன் சேதம் என்று கேட்க
அந்தத் தாளில் கட்டமில்லை.

ஒன்றரை மணி இருக்கும்.
மாவு படிந்த காலணியோடு ஒரு பெண் வந்தாள்.
பெயர் போகுமீவா, கண்ணாடித் தெரு அடுமனை,
வேலைக்குப் போகிற வழி.
கயிற்றைத் தாண்டாதே என்றேன்.
தாண்டினாள்.

"இது என் கை."

மேலே மூன்று கீறல்.
மூன்றாவது மட்டும் இடப்பக்கம் சாய்ந்து,
எப்போதோ சுளுக்கிய மணிக்கட்டு போடும் கீறல்.
அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தாள்.
பிறகு அடுத்தது. அதற்கடுத்தது.
வளைவின் வடக்குக் கால் முழுக்க அவள்தான்.

பதினாறு வருடம்.
அடுப்பிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து வண்டிக்கு.
வண்டிக்கு அப்பால் அவள் பார்த்ததில்லை.
யாரோ வெண்ணெய் தடவுகிறார்கள்,
யாரோ சூப்பில் தோய்க்கிறார்கள் என்றே
இருந்துவிட்டாள்.

குறைத்துச் சுட்டால் என்ன என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"கடை சாத்தும் ஒன்பது மணிக்கும்
அலமாரி நிறைந்தே இருக்கணுமாம்.
காலியாகக் கண்டால்
வாடிக்கையாளர் மனம் வாடுமாம்."
வாடும் என்பதை மட்டும் துப்பினாள்.

எண்ணி முடித்தாள். நாற்பத்தேழு.
அத்தனையையும் தூக்கிப் போக வந்தவள் மாதிரி
இரண்டு கையையும் விரித்தாள்.
மணி பார்த்தாள்.
மடக்கிக்கொண்டாள்.
இரண்டு மணிக்கு அடுப்பு யாருக்காகவும் காத்திராது.

நாலு மணி சுமாருக்கு வார்த்தா ஆற்றுப் பக்கமிருந்து
காற்று அதைக் கொண்டுவந்தது:
வெந்த மேலோடு, புளித்த ரை மாவு, கொஞ்சம் கருகல்.
என் முன்னால் நின்ற அறுநூறுக்கும்
ஒரு மணமும் இல்லை.
பையில் கைவிட்டேன். துகள்தான் இருந்தது.
நக்கிக்கொண்டேன், யார் பார்க்கிறார்கள்.

பிறகு பதிவேட்டைத் திறந்து
கட்டமில்லாத ஓரத்தில் எழுதினேன்:
வடக்குக் கால். நாற்பத்தேழு.
மூன்று கீறல், மூன்றாவது இடப்பக்கம் சாய்ந்தது.

காலையில் பணி மாற வந்தவன் படித்துப் பார்த்தான்.
இதுவும் சேதமா?

இல்லை, கையெழுத்து.