கத்தரிக்கோலின் இந்தப் பக்கம்

சிரியத்தில் மழை பிடித்தால்
எங்கள் கடையில் முதலில் விற்பது
பாதி சிவப்பு பாதி மஞ்சள்.
பெயர் யாரும் சொல்வதில்லை.

"நாலு குடு" என்பார்
படகுத்துறையில் மூட்டை தூக்கும் தங்கப்பழம்.
சளிக்கு நாலு. பல்வலிக்கு ஆறு.
காலில் ஆணி ஏறினால் ஒன்று,
பிரித்துப் புண்ணில் தூவ.

முதலாளி ஊ டின் மவுங் எனக்குக் கற்றுத்தந்தது
அட்டையை வெட்டும் விதம்:
முனை மழுங்க வெட்டு,
வாங்குபவர் விரல் கிழியக் கூடாது.
அவ்வளவு கவனம்.

வெட்டும்போது
மருந்தின் பெயர் என் பக்கம் தங்கிவிடும்.
காலாவதித் தேதி குப்பைக்கூடையில் விழும்.
அவர்கள் கையோடு போவது
இரண்டு நிறம்.

பதினோரு வருடம் வெட்டினேன்.

போன மழைக்காலம்
அருளப்பன் மகள் செலினுக்குத் தொண்டை வலி.
மூன்று கொடுத்தேன்.
ஒன்றுதான் விழுங்கினாள்.
உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து,
மூச்சு விசில் அடிக்க
சைக்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

என்ன மருந்து, என்று கேட்டிருக்கிறார்கள்.
அருளப்பன் நீட்டியது
எழுத்தில்லாத ஒரு வெள்ளித் துண்டு.

பெயர் என்னிடம் இருந்தது.
மிச்ச அட்டையோடு நான் போய்ச் சேர்ந்தபோது
ஊசி போட்டு முடித்திருந்தார்கள்.
அந்தப் பெண் டாக்டர், திட்டவில்லை,
இரண்டு துண்டையும் மேசையில் வைத்து
ஒட்டிப் பார்த்தாள்.
நான் வெட்டிய கோடு
அப்படியே பொருந்தியது.

செலின் பிழைத்தாள்.
இப்போது அவள் பள்ளிப் பைக்குள் ஒரு சீட்டு:
பென்சிலின் வகை ஆகாது.
பர்மிய எழுத்தில், அப்பன் கிறுக்கிய தமிழிலும்.

இன்றைக்கும் மழை.
தங்கப்பழம் வந்து நிற்கிறார்.
நாலு.

டாக்டர் சீட்டு இருக்கா?
முன்னே சாப்பிட்டு அரிப்பு, தடிப்பு வந்ததுண்டா?
சளிதான்னா இது கேட்காது அண்ணே,
வேற கிருமின்னா நாலு போதாது,
பாதி சாகும், மீதி பாடம் படிச்சுக்கும்.
டாக்டர் எத்தனை நாள் எழுதுறாரோ
அத்தனை நாளும் சாப்பிடணும்.
போன தடவை மிச்சம் வெச்சதை
தம்பி பொண்டாட்டிக்குக் கொடுத்தீங்களாமே?

"நீ எப்ப டாக்டரானே?"

ஆகலை.
நான் கத்தரி பிடிச்சவள்.

ஊ டின் மவுங் கல்லாவைப் பார்க்கிறார்,
பிறகு தெருவை.
தங்கப்பழம் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு
தண்ணீரைத் தாண்டுகிறார்.

எதிர்க்கடையில் ஒரு சின்னச் சத்தம்.
இவ்வளவு மழையிலும்
எனக்குக் கேட்கிறது.