கழிவுப் பட்டியல்

மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவாக வேண்டும்
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
வணிகவியலுக்கு எப்சிபா மேடம் கேட்டது ஆறு தலைப்பு,
தலைக்குப் பத்துப் பிரதி.
ஜபருல்லா சார் விலைப்பட்டியலையே
கத்தரித்து ஒட்டிக் கொடுத்துவிட்டார்.
தமிழ்த்துறையிலிருந்து சீட்டு வரவில்லை.
"நீங்களே பாத்துப் போடுங்க" என்று
ஒரு குரல் மட்டும் வாசலோடு வந்து போனது.

சென்னைக் கடைக்காரர் பதினைந்து சதம் கழிவு என்கிறார்.
இருபது கேட்டால் தருவார்,
போன வருஷம் விலைபோகாததை
நடுவில் செருகி அனுப்புவார்.

எல்லாம் சரி, வைக்க இடம்?

குடியாத்தத்து வெயில்
மேல்தளத்து இரும்பு அலமாரிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.
முனிரத்தினம் ஏணியில் நின்று
ஒவ்வொன்றாய் இறக்குகிறார்.
கீழே சணல் கயிறு, தராசு.
சந்தைப்பேட்டை பேப்பர்க்காரர் கிலோ பன்னிரண்டு சொல்லியிருக்கிறார்.
கணினி கொடுத்த பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு:
பத்து வருஷமாய் ஒரு கையும் தொடாதவை.

சிலதுக்கு யோசிக்கவே வேண்டாம்.
ஃபிளாப்பியில் சேமிப்பது எப்படி என்று நானூறு பக்கம்.
செத்துப்போன வரிச்சட்டங்கள், கெட்டி அட்டையில்.
சிலதைத் தொடவே கூடாது.
பழைய தாளாளர் வீட்டு நன்கொடை, ஒரே நூலில் நான்கு பிரதி;
ஆண்டுவிழா அன்று பேத்திகள் வந்து
கண்ணாடி வழியே எண்ணிப் பார்ப்பார்கள்.

இருநூற்றேழாவது ஒரு அரசு அறிக்கை.
எண்பத்து நாலாம் வருஷம்,
வட ஆற்காட்டுக் கிணறுகளின் நீர்மட்டம், ஊர்வாரியாக.
முதல் பக்கத்தில் எங்கள் முத்திரை:
வெளியே தரப்படாது.
எடுக்க விடாமல் குத்தியதும் நாங்கள்,
எடுக்கவில்லை என்று கழிப்பதும் நாங்கள்.

தூசி தட்டலாம் என்று பிரித்தேன்.
தூசி இல்லை.

பரதராமி: அச்சில் முப்பத்தெட்டு அடி.
பக்கத்தில் நீல மையில் 210.
அதன் கீழே பென்சிலில் 640.
கல்லப்பாடி: தூர்த்து வீடு கட்டியாச்சு.
மேல்பட்டி: 900, காத்துதான் வந்துச்சு.
அகரம்சேரிக்கு நேரே, உருண்டை உருண்டையான எழுத்தில்,
2021 நவம்பர், ஒரு வாரம், வாளிய விட்டு மொண்டோம்.

நான்கு கை இருக்கும், ஐந்துகூட இருக்கலாம்.
ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.
ஒருவர் எண்ணை அடித்துவிட்டு இன்னொருவர்
ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்,
மூன்றாமவர் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார்.

குழுவின் விதி தெளிவானது:
கரையான், கிழிசல், கிறுக்கல்.
அடிக்கோடு போட்ட பிள்ளைகளிடம்
ஐம்பது ரூபாய் தண்டம் வாங்கியவள் நான்.
ரசீதுக் கட்டு இதோ மேஜையில்தான் இருக்கிறது.

தக்கவைக்கக் காரணம் என்ற கட்டத்தில்
'நூல் இன்னும் எழுதி முடியவில்லை' என்று போட்டேன்.
முதல்வர் படிப்பாரே என்று அடித்துவிட்டு
'பயன்பாட்டில் உள்ளது' என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

"மேடம், அது போற கட்டா, இருக்கிற கட்டா?"
மேலிருந்து முனிரத்தினம்.
இருக்கிறது, இருக்கிறது.

கட்டுவதற்கு முன் ஒரு தடவை
செட்டிகுப்பத்தைத் தேடினேன்.
அச்சில் முப்பத்தொன்று. ஓரம் வெறுமை.
எங்கள் தெருவிலிருந்து யாரும் வந்து எழுதவில்லை போல.
போன மே மாதம் ராத்திரி பதினொன்றுக்கு லாரி வந்தது.
விடிய விடிய தெரு முழுக்கக் கல்மாவு,
துவைத்த துணியெல்லாம் வெளுத்து,
குழாய் மேல் குழாயாய் இறங்கிக்கொண்டே போய்
கடைசியில் ஈரமாய் ஒரு சத்தம்.

பென்சில் முனை மழுங்கியிருந்தது.
முனிரத்தினம் முதுகைக் காட்டிக்கொண்டு
அடுத்த தட்டுக்கு எட்டினார்.
சின்னதாக எழுதினேன்: 780.
எட்டு கொஞ்சம் கோணிவிட்டது.