இழு, நிறுத்து, விடு

பெருந்துறை ரோட்டில்
வெள்வேல மரங்களுக்கு நடுவே ஆஸ்பத்திரி.
காற்றுதான் அங்கே மருந்து.
காலையில் கட்டிலோடு தூக்கி
வெளியே வைப்பார்கள், துவைத்த துணி மாதிரி.
இரண்டு முட்டை, அரைப்படி பால்,
பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது,
நெஞ்சின் மேல் ஒரு மணல் மூட்டை.

நான் பதினாலாம் கட்டில்.
சென்னிமலைத் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தவன்.
பதினஞ்சில் பொங்கியண்ணன்,
திருப்பூர் ஜின்னிங் ஃபாக்டரியில் பஞ்சு மிதித்தவன்.
இருவருக்கும் வலது நுரையீரலில் ஓட்டை.
"ஒரே அச்சுல வார்த்திருக்குதுங்" என்றான்
படத்தைச் சன்னலில் பிடித்துப் பார்த்து.

டாக்டர் மாசிலாமணிக்குக் கத்தி.
விலாவை எடுத்தால் நெஞ்சு அமுங்கும்,
அமுங்கினால் ஓட்டை மூடும்.
முந்நூறு பேரை நடக்க வைத்து அனுப்பியிருக்கிறார்,
எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்து.

டாக்டர் அமிர்தவல்லிக்கு ஊசி.
பம்பாயிலிருந்து ரயிலேறி வந்த வெள்ளைப் பொடி.
ஈரோடு ஜங்ஷனில் பெட்டியை இறக்கும்போது
பாதி உடைந்து
ஓர் ஆளுக்குத்தான் மீதி.

எங்கள் கால்மாட்டில் நின்று
இருவரும் இங்கிலீஷில் சண்டை போட்டார்கள்.
முக்கால் மணி நேரத்தில்
எங்களுக்கு விளங்கிய ஒரே சொல் 'ரிப்'.
ராத்திரி ரெபெக்காள் சிஸ்டர் கண்ணயர்ந்ததும்
அவன் விலாவை நான் எண்ணினேன்,
என் விலாவை அவன்.
"பக்கத்துக்குப் பன்னண்டுங். கொறையில்ல."

யார் எப்படி முடிவு செய்தார்கள்
இன்றைக்கும் தெரியாது.
பத்து நாள் முந்திச் சேர்ந்தவன் நான்,
மேசைக்கு என் முறை என்றார்கள்.
அவ்வளவுதான்.

மரத்துப்போகக் குத்திவிட்டு
முழித்திருக்கும்போதே அறுத்தார்.
வலி கம்மி. சத்தம்தான்.
காய்ந்த பருத்திமாரை ஒடிக்கிற சத்தம்,
என் உடம்புக்குள்ளிருந்து.
இரண்டு தவணையில் ஏழு.
மாசிலாமணியின் வியர்வை என் காதில் சொட்டியது.
"இன்னும் ஒண்ணுதான் கண்ணு" என்று
மூன்று தடவை பொய் சொன்னார்.

பொங்கியண்ணனுக்குத் தினம் ஓர் ஊசி.
காய்ச்சல் இறங்கியது, எடை ஏறியது,
அமிர்தவல்லி சிரித்து அன்றுதான் பார்த்தோம்.
பிறகு ஒரு நாள்
"காதுக்குள்ள சுவர்க்கோழி கத்துதுங்" என்றான்.
நாற்பதாம் நாள் சுவர்க்கோழி நின்றது.
மற்றதெல்லாமும் நின்றது.

அவன் கட்டிலில் உட்கார்ந்து
தகர டம்ளரைத் தட்டினார் அந்தம்மா.
இன்னும் கிட்டே வைத்துத் தட்டினார்.
வார்டே விழித்துக்கொண்டது, அவனைத் தவிர.
வாசலில் நின்றிருந்தார் மாசிலாமணி.
ஜெயித்தவர் முகமில்லை அது.
உள்ளே வந்து
டம்ளரை அவர் கையிலிருந்து
மெல்ல வாங்கிக்கொண்டார்.

பிழைத்தோம், இருவரும்.
வருஷா வருஷம் தை கழிந்து
படம் எடுக்க வருகிறோம்.
பஸ்ஸில் அவன் கத்திப் பேசுவான்,
பஞ்சு விலை, பங்காளித் தகராறு,
முன் சீட்டெல்லாம் திரும்பிப் பார்க்க.
பதில் சொல்ல எனக்கு மூச்சுப் பத்தாது.
சொன்னாலும் அவனுக்குக் கேட்காது.
சண்டையே வந்ததில்லை.

எக்ஸ்ரே அறையில் இந்தத் தடவை புதுப் பையன்.
தடுப்புக்குப் பின்னாலிருந்து கூவுகிறான்:
"மூச்சை இழு! நிறுத்து!"
தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்கும் பொங்கியண்ணன்
கழுத்தை மட்டும் திருப்பி
வாசலில் என்னைத் தேடுகிறான்.

வலது கை தோளுக்கு மேல் போகாது.
இடது கையைத் தூக்குகிறேன்.
கை ஏற ஏற இழுக்கிறான்.
நிறுத்துகிறேன், நிறுத்துகிறான்.
கூடவே நானும்,
இருக்கிற அளவுக்கு.

பையன் இன்னும் பொத்தானைத் தேடுகிறான்.
அமுக்கு தம்பி.
கை வலிக்குது.