கொடையாளி

முதலில் காதுக்குத்தான் தெரிந்தது.
காத்திருப்பறையின் ஓடுகளில்
டக், டக், டக் என்று
குதி உயர்ந்த செருப்போடு யாரோ வருவதுபோல.
நிமிர்ந்தால் டிராஸ்டோ.
நாயின் நகத்தை இப்படி விடுபவள் அல்ல ஓர்ட்ரூட்.
"போன மாதம்தானே வெட்டினேன்" என்றாள்
குற்றம் தன்மேல் விழுமுன்.

கண்ணைச் சுற்றி மயிர் உதிர்ந்து
மூக்குக்கண்ணாடி மாட்டியது போன்ற முகம்.
காது மடலோரம் செதில்.
தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது.
நேற்று சோபாவில் மூக்கு இரத்தம்,
ஒரு சதக் குற்றி அளவுக்கு.

எங்கே பிறந்தது என்று கேட்க
இந்த ஃப்ரைபுர்க் கிளினிக்கின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
எஸ்ட்ரமதுரா, ஒரு பன்றிப் பண்ணையின் வேலியோரம்.
நீலக் கடவுச்சீட்டு, முத்திரை, சிப் எண்:
நான் இந்த நாட்டுக்குள் வந்தபோது
என்னிடம் இருந்ததைவிட ஒழுங்கான தாள்கள்.
அதில் ஒரு வரி: லீஷ்மேனியா, இல்லை.

இல்லை என்றால்
அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.
வந்தவன் யார் என்று உடம்பு எழுதிவைக்க
மாதங்கள் பிடிக்கும், சிலவேளை வருடங்கள்.

பின்னங்கால் மூட்டுக்குப் பின்னே நெறி கட்டியிருந்தது.
டாக்டர் ஹேகெலே ஊசி விட்டு இழுத்தார்.
கண்ணாடித் தகட்டில் பரப்பிக் காயவைத்து
கீம்சா சாயம் ஊற்றியது நான்.
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.
எண்ணெய் ஒரு சொட்டு. ஆயிரம் மடங்கு.
ஒரு தேத்தண்ணி ஆறிப்போகும் நேரம் தேடினேன்.
பிறகு, ஒரே கலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு,
முட்டை முட்டையாய்.
ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு சிறு கோடு.
புள்ளி மட்டுமென்றால் சாய அழுக்கு என்று தள்ளலாம்.
கோடும் இருந்தது.

"கட்டிலில் படுக்கிறதே, என் மகளுக்கு?"
நக்கினால் வராது என்றேன். தும்மினால் வராது.
இடையில் ஒரு மணல் ஈ வேண்டும்.
வைக்கோல் நிறம், நுளம்பில் கால்வாசி,
அந்தியில் வரும், பாடாது,
காற்றடித்தால் தோற்றுப்போகும்.
அதன் வயிற்றில் ஒரு வாரம் வளர்ந்தால்தான்
அடுத்த உடம்புக்கு வழி.
ஈ இல்லாமலும் வழி உண்டு:
தாயிடமிருந்து குட்டிக்கு,
பிறகு

நிறுத்தினேன்.
ஓர்ட்ரூட்டின் தலைக்கு மேலே சுவரில் படம்.
இரத்தம் கொடுக்கும் நாய்களுக்கு நாங்கள் கட்டும்
சிவப்புத் துண்டு கழுத்தில்.
முப்பத்தொரு கிலோ, சாது,
ஊசிக்கு அசையாத எங்கள் கொடையாளி.
அந்த ஒரு வரியை நம்பி
மறுபடி சோதிக்காமல் விட்டோம்.

பதிவேட்டில் இரண்டு பைகள்.
மார்ச்சில், மண்ணீரல் வெடித்த பெர்னர். அன்றிரவே போய்விட்டது.
(ஒரு கணம் நிம்மதிப்பட்டேன்.
இதை யாருக்கும் சொல்லவில்லை.)
ஜூனில், எலிமருந்து தின்ற டாக்ஸ்ஹுண்ட், பெயர் முக்கெல்.
எமெண்டிங்கன், ஹெர் டேவெஸ்.
பிழைத்த கையோடு எங்களுக்கு
செர்ரி கேக் கொண்டுவந்தவர்.

நீயே கதை, உன்னை அவருக்குப் பிடிக்கும்
என்றார் டாக்டர்.
இதற்கு ஜெர்மனில் எந்த வினைச்சொல் என்று
தாளில் எழுதி எழுதி வெட்டினேன்.
ஏற்றினோம். செலுத்தினோம். கொடுத்தோம்.
கொடுத்தோம் என்பதை வெட்டாமல் விட்டேன்.

இரண்டாம் மணியில் எடுத்தார்.
முக்கெல் நன்றாக இருக்கிறான் என்றார்,
நான் கேட்கவே இல்லை.
ஒரு சின்ன இரத்தச் சோதனை, இந்த வாரமே, என்றேன்.
ஏன் என்று கேட்க அவர் மூச்செடுத்த இடைவெளியில்
அந்தப் பக்கம், மரத் தரையில்,
தன் பெயர் கேட்டு எழுந்து
வந்துகொண்டிருந்தது
டக், டக், டக்.