ஆறரை அங்குலம்

பாலத்தின் தென்முனையில் என் மேசை.
எதிர்க்கரை நியூ சவுத் வேல்ஸ்,
இந்தக் கரை விக்டோரியா.
நடுவே ஓடும் மர்ரே
சட்டப்படி கரையோரம்வரை அவர்களுக்கே.
குளிக்க இறங்கும்போதெல்லாம்
அயலாரின் தண்ணீரில்தான் நனைந்தேன்.

பதினேழு வருடச் சுங்கம்.
புதுத் தொப்பிக்கு வரி உண்டு, பழசுக்கு இல்லை.
ஆகவே பாலத்தின் பாதியில் நின்று
வாங்கிய தொப்பியை மிதிப்பார்கள் ஆட்கள்.
தூசி தட்டித் தலையில் கவிழ்த்து
"பழசு, கோரிகன்" என்பார்கள்.
நானும் பழசு என்றே எழுதுவேன்.

மிஸஸ் டன்ஸ்டனிடம் மட்டும்
அப்படி எழுதவில்லை.
அக்கரையில் கம்பளி வெட்டப் போய்ச் செத்த புருஷனை
வண்டியில் கொண்டுவந்தாள்.
சவப்பெட்டியில் பித்தளைக் கைப்பிடி, ஆறு.
பிணத்துக்கு வரியில்லை அம்மா,
பித்தளைக்கு உண்டு என்றேன்.
மேலதிகாரி அன்று பக்கத்தில் நின்றிருந்தார்.
(நிற்காவிட்டாலும் கேட்டிருப்பேனோ என்னவோ.)
எண்ணி எண்ணி வைத்தாள்.
கடைசி ஷில்லிங் உருண்டு
பலகை இடுக்கு வழியே ஆற்றில் விழுந்தது.
எந்த அரசின் வரவு அது?
கணக்கில் காட்ட
என் பையிலிருந்து ஒன்றைப் போட்டேன்.

வாக்கெடுப்பு வந்தபோது
ஆம் என்று குறித்தேன்,
என் நாற்காலிக்கு எதிராக.
ஏன் என்று மனைவி கேட்டாள்.
பென்சில் அந்தப் பக்கம் சாய்ந்தது என்றேன்.

ஆறு ஒன்றானது.
அப்படித்தான் போட்டிருந்தது செய்தித்தாள்.
கீழே ஆறு
எப்போதும் ஒன்றாகத்தான் ஓடியது.

ஜனவரி முதல் நாள், கொதிக்கும் வெயில்.
இரு கரையின் பேண்டு வாத்தியமும்
பாலத்தின் நடுவில் சந்தித்தன.
ஒரே பாட்டுத்தான்.
அவர்கள் அரை அடி முந்தி,
நாங்கள் அரை அடி பிந்தி.
புதிய பட்டியல் வரும்வரை
பழைய வரி தொடரும் என்று தந்தி.
ஆகையால் நாடு பிறந்த அன்றே
ஆல்பரிக்காரனின் முரசுக்கு
புதுத்தோல் வரி வாங்கினேன்.
அவன் சிரித்தான். ரசீது கேட்டான்.

மார்ச்சில் தலை எண்ணும் வேலைக்கும் என்னையே அனுப்பினார்கள்.
பாலத்தடியில் லூயிசாவின் கூடாரம்,
ஏழு பேர்,
தணலில் ஒரு பெரிய காட் மீன்.
பெயர்களைக் கேட்டேன், சொன்னாள்.
அலுவலகத்தில் அந்தத் தாளைத் தனியே எடுத்தார் துரை.
இவர்கள் நாட்டின் கூட்டுத்தொகையில் சேரமாட்டார்கள்,
சட்டத்திலேயே இருக்கிறது என்றார்.
மறுவாரம் மீன் வாங்கப் போனேன்.
எண்ணி முடிச்சாச்சா என்று கேட்டாள்.
ம் என்றேன்.
மீனுக்குச் சில்லறை
அவள் சரியாகவே எண்ணித் தந்தாள்.

அக்டோபரில் என் மேசையைத் தூக்கிப் போனார்கள்.
நான்கு கால் தடம் மட்டும் பலகையில்.
தொப்பிகள் புதிதாகவே பாலம் கடந்தன.

ஆனால் ரயில் இருக்கிறதே!
எங்கள் தண்டவாளம் ஐந்தடி மூன்று அங்குலம்,
அவர்களுடையது நான்கடி எட்டரை.
ஒரு சாண்கூட இல்லை வித்தியாசம்.
அதற்காக ஒரு தேசமே
தூக்கத்தில் எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டு,
ஆல்பரி நடைமேடையில் வண்டி மாறுகிறது.
அந்த ஆறரை அங்குலத்தில்தான்
இப்போது என் பிழைப்பு:
இந்த வண்டியின் மூட்டையை
அந்த வண்டியில் ஏற்றுவது.

நேற்று விடியலுக்கு முன்
கறுப்பு உடையில் ஒருத்தி இறங்கினாள்.
விளக்கடியில் முகம் தெரிந்தது.
ஓடிப்போய்ப் பெட்டியில் கை வைத்தேன்,
கூலி வேண்டாம் மிஸஸ் டன்ஸ்டன் என்று.

கைப்பிடியை
அவள் விடவில்லை.